மகளின் பிறந்தநாளுக்குக் கொரியச் சாப்பாடு, அதுவும் சனிக்கிழமையில்

வரும் சனிக்கிழமை மகளுக்குப் பிறந்தநாள். பதினேழு முடிகிறது. ஹோட்டல் வேண்டாம், கேக்கை வெட்டிவிட்டு பிரியாணி ஆர்டர் போடுவதும் வேண்டாம், வீட்டிலேயே கொரியச் சாப்பாடு சமைத்துத் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். தோழிகள் மூன்று பேர் வருகிறார்கள். வீட்டில் நாங்கள் நாலு பேர். ஆக ஏழு பேருக்கு ராத்திரிச் சாப்பாடு. கொஞ்ச நாளாக என் மண்டையில் ஓடுவதெல்லாம் இதுதான். ஆபீசில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் சரிபார்க்கும்போதுகூட நடுவில் சோயா சாஸ் கணக்கு வந்துவிடுகிறது.

கொரியா எங்களுக்கு அப்படியொன்றும் தூரமில்லை. வீடு பூந்தமல்லியில். வேலை இருங்காட்டுக்கோட்டைப் பக்கம், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. 1998இல் அங்கே ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ வெளியே வர ஆரம்பித்த பிறகு கூடவே சப்ளையர் கம்பெனிகள் வந்தன, கொரியக் குடும்பங்கள் வந்தன, அவர்களுக்குச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன. ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கொரிய எழுத்துப் பலகைகளைத் தினமும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். ஆனால் அந்த எழுத்து போட்ட பாக்கெட்டைப் பிரித்து அடுப்பில் வைக்க வேண்டும் என்று வந்தபோதுதான், ஒன்றும் தெரியாது என்பது தெரிந்தது.

எங்கள் கம்பெனிக்கு ஒரு கெஸ்ட் ஹவுஸ் உண்டு. கொரியாவிலிருந்து வரும் என்ஜினியர்கள் அங்கே தங்குவார்கள். சமையல் பார்க்கும் அக்கா சுங்குவார்சத்திரத்துக்காரர். கொரிய எழுத்து ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. டப்பா நிறத்தை வைத்தே சொல்லிவிடுவார்: சிவப்பு என்றால் கோச்சுஜாங், காரம், மண் நிறம் என்றால் தோயென்ஜாங், சோயா புளிக்கவைத்த விழுது, பச்சை என்றால் இரண்டையும் கலந்த சம்ஜாங். “எழுத்த விடும்மா, மோந்து பாரு. மூக்கு சொல்லும்” என்பார். யூடியூப்பில் மணிக்கணக்காகப் பார்த்ததைவிட, மதிய இடைவேளையில் அவரோடு நின்று பேசியதில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

முதல் சிக்கல் சாமான் கிடைப்பதில் இல்லை, கிழமையில். எங்கள் வீட்டில் சனிக்கிழமை கவுச்சி கிடையாது. மாமியார் பெருமாளுக்கு விளக்கேற்றி ஒருவேளை விரதம் இருப்பவர். ராத்திரி எல்லோருடனும் சாப்பிடுவார், ஆனால் அன்றைக்கு வீட்டில் மீன் வாசனைகூட வரக்கூடாது. மகள் எழுதித் தந்த பட்டியலில் முதல் வரி கொரியன் ஃப்ரைடு சிக்கன், இரண்டாவது வரி சாசேஜ் போட்ட ஒரு கொதிக்கும் குழம்பு. இரண்டையும் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளலாமே என்றால், திங்கள் காலை அவளுக்குத் திருப்புதல் தேர்வு. பிளஸ் டூ. தோழிகளின் வீட்டில் ஞாயிறு ராத்திரி அனுப்ப மாட்டார்கள். சரி, சனிக்கிழமைதான், சைவம்தான் என்று முடிவாயிற்று.

கொரியச் சமையலில் சைவம் என்பது இறைச்சித் துண்டை எடுத்துவிட்டால் முடிகிற சமாச்சாரம் இல்லை. மீன் அடியிலேயே இருக்கிறது. பெரும்பாலான சூப்புக்கும் குழம்புக்கும் ஆதாரமாக இருக்கிற தண்ணீரே காய்ந்த நெத்திலியைக் கொதிக்கவைத்து எடுத்ததுதான். தலையையும் வயிற்றுக் கறுப்பையும் கிள்ளிப் போட்டுவிட்டுக் கொதிக்கவிடுவார்கள், இல்லாவிட்டால் கசக்கும். (நம் காசிமேட்டு நெத்திலிக் கருவாட்டிலும் செய்யலாம், ஆனால் நம்முடையதில் உப்பு தூக்கல், முதலில் ஊறவைத்து அலச வேண்டும் என்று அக்கா சொன்னார். அது வேறொரு நாளைக்கு.) கிம்ச்சி பார்க்க முட்டைக்கோஸ் ஊறுகாய்தான், உள்ளே மீன் சாஸும் உப்பில் போட்ட குட்டி இறாலும் இருக்கும். வழக்கமாக விற்கும் நூடுல்ஸ் பாக்கெட்டின் மசாலாவில்கூட மீனோ மாட்டிறைச்சிச் சாறோ ஒளிந்திருக்கும். இறக்குமதிச் சாமான் என்றால் பின்னால் இந்திய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் பச்சைப் புள்ளி இருக்கிறதா, பழுப்பு முக்கோணமா என்று பார்த்துத்தான் கூடையில் போட்டேன்.

அதோடு வரும் தோழிகளில் ஒருத்தி கீழக்கரைக் குடும்பத்துப் பெண். அவளுக்காக இன்னொரு தடவை ஸ்டிக்கர் படிக்க வேண்டியிருந்தது. கோச்சுஜாங் டப்பாக்கள் பலவற்றில் கெட்டுப்போகாமல் இருக்கக் கொஞ்சம் ஆல்கஹால் சேர்த்திருப்பார்கள். கொரியச் சமையலில் சமையல் ஒயினும் சர்வசாதாரணம். ஹலால் முத்திரை போட்ட கோச்சுஜாங் கிடைக்கிறது, தேடி வாங்கினேன். சமையல் ஒயினை எல்லாக் குறிப்பிலிருந்தும் நீக்கிவிட்டேன். இறைச்சி வாடையைப் போக்கத்தான் பெரும்பாலும் அதை ஊற்றுகிறார்கள், இறைச்சியே இல்லாத இடத்தில் அதற்கு வேலை என்ன?

இப்படி வேலை என்ன என்று கேட்டுப் பார்ப்பதுதான் இந்தத் திட்டத்தில் எனக்குக் கைகொடுத்தது. தெரியாத சாமானை வைத்து விருந்து போடுகிறவர்கள் முதலில் மெனு எழுதுகிறார்கள், அப்புறம் சாமான் தேடுகிறார்கள். நான் தலைகீழாகச் செய்தேன். சாமானை வாங்கி வந்து, போன ஞாயிறு சாயங்காலம் எல்லாவற்றையும் சின்னச் சின்னத் தட்டில் வைத்து, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், எண்ணெயில் விட்டுப் பார்த்தேன், சும்மா நாக்கில் வைத்துப் பார்த்தேன். எது உப்பு தருகிறது, எது மணம், எது வழுவழுப்பு, எது வெறும் நிறம் என்று தெரிந்துவிட்டால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி. மகள் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள். இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கம் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

மியோக் என்கிற கடற்பாசிதான் அன்றைய கதாநாயகன். பாக்கெட்டில் பார்த்தால் கருகிய வெற்றிலை நொறுங்கிக் கிடப்பதுபோல் இருக்கிறது, கறுப்பாக, மொறமொறவென்று. “கைப்பிடி கைப்பிடியா அள்ளிப் போட்டுடாதம்மா, அண்டா ரொம்பிடும்” என்று அக்கா எச்சரித்திருந்ததால் இரண்டு விரலால் கிள்ளி ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீரில் போட்டேன். ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் ஓரங்கள் அவிழ ஆரம்பித்தன. கறுப்பு மெல்லப் போய்க் கரும்பச்சை வந்தது. சுருண்டு கிடந்த நரம்பு நீண்டு, நடுவே தண்டும் இரண்டு பக்கமும் இலையுமாக விரிந்தது. கால் மணி நேரத்தில் கிண்ணம் நிறைந்து விளிம்பில் தொங்கியது. காய்ந்த எடையைப்போல் பத்து மடங்குக்குக் குறையாமல் ஊதும் என்கிறார்கள், கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும். தொட்டால் வழுக்குகிறது. வாசனை நம் மெரினாவில் காலையில் வீசுகிற காற்றுதான், மீன் வாடை இல்லை. வாயில் போட்டால் லேசான உப்பு, கொஞ்சம் நறுக்கென்ற கடி. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, “கீரைதானே, என்னமோ பெரிசா பேசறீங்க” என்று போய்விட்டார். மாமியார் கீரை என்று சொல்லிவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

ஏழு பேருக்குச் சின்னக் கிண்ணத்தில் சூப் என்றால் காய்ந்த மியோக் 25 கிராம் போதும். அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, பிழிந்து, இரண்டு அங்குலத் துண்டாக நறுக்க வேண்டும். நறுக்காமல் விட்டால் கரண்டியில் தூக்கும்போது நீளமாக வந்துகொண்டே இருக்கும், குடிக்கிறவர் பாடு திண்டாட்டம்.

நல்லெண்ணெய் விஷயத்தில் ஒரு குழப்பம் தீர்ந்தது. அவர்களும் எள் எண்ணெய், நாமும் எள் எண்ணெய், பிறகு எதற்குக் காசு கொடுத்து வாங்குவது என்றுதான் நினைத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நம்முடையது எள்ளை வறுக்காமல் கருப்பட்டி சேர்த்துச் செக்கில் ஆட்டியது. மிளகாய்ப்பொடிக்கு ஊற்றலாம், வதக்கலாம், பொரிக்கலாம். அவர்களுடையது எள்ளை நன்றாக வறுத்துப் பிழிந்தது. காப்பிக்கொட்டை நிறம். ஒரு சொட்டு விரலில் தடவினால் அறை முழுக்க எள்ளுருண்டை மணம். அதை ஊற்றித் தாளித்தால் மணமெல்லாம் புகையோடு போய்விடும், அடுப்பை அணைத்த பிறகு ஒரு கரண்டி விடுவதற்குத்தான் அது. ஆனால் மியோக் சூப்பில் ஆரம்பத்திலேயே சிறு தீயில் அதில் பாசியை வதக்குகிறார்கள். ஆகவே வதக்கலுக்கு எங்கள் வீட்டுச் செக்கெண்ணெய், மணத்துக்கு அவர்கள் எண்ணெய் என்று பிரித்துக்கொண்டேன். சின்னப் பாட்டில் போதுமானது.

சோயா சாஸிலும் இரண்டு இருக்கிறது. பொரியலுக்கும் நூடுல்சுக்கும் ஊற்றும் சாதாரணமானது கறுப்பு, லேசாக இனிக்கும். சூப்புக்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள், நிறம் குறைவு, உப்பு அதிகம். சூப்பைக் கறுப்பாக்காமல் உப்பு மட்டும் ஏற்றும். இரண்டாவது பாட்டில் வாங்குவது வீண் செலவு என்று கணவர் சொன்னார். கணக்குக்காரி நானே வாங்கும்போது அவர் ஏன் கவலைப்படுகிறார் என்று தெரியவில்லை. வாங்க மனசில்லாதவர்கள் கல் உப்பும் சாதாரண சோயா சாஸ் ஒரு டீஸ்பூனும் போட்டுச் சமாளிக்கலாம்.

நெத்திலிக்குப் பதில் என்ன என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. விடை இரண்டு காய்ந்த பொருளில் இருந்தது. ஒன்று தாசிமா, தடித்த கறுப்புக் கடற்பாசிப் பட்டை. மேலே வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பூஞ்சை என்று நினைத்துக் கழுவிவிடக் கூடாது, ருசியில் ஒரு பங்கு அங்கேதான், ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும். 1908இல் தோக்கியோவில் கிகுனே இகெடா என்ற வேதியியல் பேராசிரியர் குளூட்டமேட் என்கிற ருசிப் பொருளைப் பிரித்தெடுத்தது இந்த வகைப் பாசியிலிருந்துதான். பின்னால் அஜினோமோட்டோ வந்ததும் அந்த வழியில்தான். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்து, தளதளவென்று கொதிக்கும் முன் எடுத்துவிட வேண்டும். விட்டால் தண்ணீர் கொழகொழப்பாகிக் கசப்பும் இறங்கும். இன்னொன்று காய்ந்த ஷீட்டாக்கே காளான். வெந்நீரில் அவசரமாக ஊறவைப்பதைவிட ராத்திரி பச்சைத் தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் அந்த ஊறல் தண்ணீரே கறிச்சாறு மாதிரி கனமாக வருகிறது. இரண்டையும் கலந்து ஒரு தம்ளரில் உப்பு போட்டுக் குடித்துப் பார்த்தேன். மகள், “மீனே வேணாம்மா” என்றாள். சிக்கனைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டாள்.

காரத்துக்கு வருவோம். கோச்சுஜாங் ஒரு சிவப்பு விழுது. மிளகாய்த்தூள், பசை அரிசி, புளிக்கவைத்த சோயா, உப்பு எல்லாம் சேர்ந்து நாள்பட ஊறியது. நாக்கில் வைத்தால் முதலில் இனிப்பு, பிறகு உப்பு, கடைசியில்தான் காரம் எட்டிப் பார்க்கிறது. காரத்துக்காக மட்டும் இதை அள்ளிப் போட்டால் உப்பும் இனிப்பும் கூடிவிடும். காரம் வேண்டுமென்றால் கோச்சுகாரு என்கிற மிளகாய்ச் செதிலைச் சேர்க்க வேண்டும். விதை நீக்கிக் காயவைத்துப் பொடித்த அது பார்க்க ரத்தச் சிவப்பு, ஆனால் சாது. இதற்கு நம் ராமநாதபுரம் குண்டு மிளகாயைப் பொடித்துப் போடலாமா என்று கணவர் கேட்டார். அவர் ஊர் பரமக்குடி, அந்த மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எதற்கும் அதைச் சிபாரிசு செய்வார். போட்டால் கிம்ச்சி சிவக்கும் முன் எங்கள் கண் சிவந்துவிடும். கோச்சுகாரு கிடைக்காதவர்களுக்குக் காஷ்மீரி மிளகாய்தான் பக்கத்தில் வரும். நிறம் அப்படியே, காரமும் ஏறக்குறைய அளவுதான். விதையைத் தட்டிவிட்டு மிக்சியில் ஒரு சுற்று, கொரகொரப்பாக.

பிறகு ஜாப்சே. சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவில் செய்த சேமியா போன்ற நூலைக் காய்கறியோடு கலப்பது. நூல் காயும்போது சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் ஒயர் மாதிரி விறைப்பாக இருக்கும், ஏழு நிமிஷம் கொதித்ததும் கண்ணாடி. கொரியாவில் பிறந்தநாள், கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று எந்த விசேஷத்திலும் இது இருக்கும். நீண்ட நூல், நீண்ட ஆயுள் என்ற நம்பிக்கையும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், 17ஆம் நூற்றாண்டில் அரண்மனையில் இது முதலில் வந்தபோது நூலே கிடையாதாம், வெறும் காய்கறிதான். நூல் சேர்ந்தது 20ஆம் நூற்றாண்டில். இதில் எனக்குப் பிடித்தது, ஒரே ஒரு புதுப் பொருளைத் தவிர மீதியெல்லாம் நமக்குத் தெரிந்தவை. கேரட், வெங்காயம், குடைமிளகாய், பாலக், காளான். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வதக்கி எடுக்க வேண்டும் என்பதில் மட்டும் கொரியர்கள் கறார். ஒன்றாகப் போட்டு வதக்கினால் என்ன என்று அக்காவிடம் கேட்டேன். “தின்னலாம், ஆனா எல்லாம் ஒரே நெறமா சாம்பார் காய் மாதிரி கெடக்கும்” என்றார். 300 கிராம் நூலுக்கு ஐந்து மேசைக்கரண்டி சோயா சாஸ், மூன்று சர்க்கரை, இரண்டு வறுத்த எள்ளெண்ணெய் என்று கணக்கு வைத்திருக்கிறேன்.

ஒரு பதார்த்தத்துக்கு ஒரு புதுப் பொருள். இதைச் சட்டமாகவே வைத்துக்கொண்டேன். இரண்டு மூன்று புதுசு ஒரே சட்டியில் விழுந்தால், ருசி கோணலாக வரும்போது எதைக் குறைக்க வேண்டும் என்றே தெரியாது. இந்தச் சட்டத்தில் அடிபட்டுப்போனது கிம்பாப். கிம் என்கிற கடற்பாசித் தாளில் சாதத்தைச் சுருட்டி வெட்டுவது. தாள் புதுசு, பசைச் சாதம் புதுசு, உள்ளே மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய் புதுசு, சுருட்டும் பாயும் புதுசு. போதாததற்கு, தாளைப் பிரித்து வைத்தால் எங்கள் ஊர்க் காற்றுக்குக் கொஞ்ச நேரத்தில் நமத்துப்போகிறது. மகள் முகம் சுருங்கியது. தாளைக் கத்தரித்து உப்பும் எள்ளெண்ணெயும் தடவி வாட்டித் தருகிறேன், சாதத்தோடு வைத்துச் சாப்பிடுங்கள் என்றதும் சமாதானமானாள்.

தொக்பொக்கியை மட்டும் எடுக்க விடவில்லை. அரிசி மாவை ஆவியில் வேகவைத்து இடித்து விரல் தடிமனில் உருட்டிய துண்டுகள், சிவப்புக் குழம்பில். அம்மிணிக் கொழுக்கட்டையை இதில் போட்டால் என்ன என்று மாமியாருக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைதான், சாப்பிட நன்றாகவே இருக்கும். ஆனால் நம் பச்சரிசியில் அந்த இழுவை கிடையாது, கடித்தால் உடையும். அவர்களுடைய குட்டை அரிசி மாவில் ரப்பர் போல இழுக்கும், மகளுக்கு வேண்டியது அந்த இழுவைதான். உறைந்த பாக்கெட் வாங்கி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். அரைக் கிலோவுக்கு மூன்று கப் காளான்-தாசிமா தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி கோச்சுஜாங், ஒன்று கோச்சுகாரு, ஒன்று சர்க்கரை. மாமியாருக்குக் கொழுக்கட்டையைத் தனியாகத் தாளித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்தில் வைக்கும் சின்னச் சின்னத் தட்டுகள், பன்ச்சான் என்பார்கள், அதுதான் என்னைக் காப்பாற்றப்போகிறது. முளைகட்டிய பாசிப்பயறை ஒரு நிமிஷம் வெந்நீரில் போட்டெடுத்து, பூண்டு, உப்பு, எள்ளெண்ணெய் பிசறுவது அங்கேயும் உண்டு. என்ன, அவர்கள் முளை விரல் நீளம், நம்முடையது மூக்குத்தி அளவு. நேற்று ராத்திரியே பயறு ஊறப்போட்டாயிற்று, சனிக்கிழமைக்குள் நீளும் வரைக்கும் நீளட்டும். பாலக்கையும் இதே முறையில். வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி உப்பிட்டுப் பிழிந்து, கோச்சுகாருவும் வினிகரும் போட்டு ஒன்று. டோஃபுவைப் பாளம் பாளமாக வறுத்து சோயா சாஸிலும் வெங்காயத்தாளிலும் சுண்டவைத்து ஒன்று. எல்லாம் ஆறினால்தான் நன்றாக இருக்கும், அடுப்பு காலியாகும்.

எங்கள் அடுப்பில் மூன்று பர்னர். அதில் ஒன்று எப்போதும் மக்கர். ஆகவே பரிமாறும் நேரத்தில் சூடாக இருக்க வேண்டியவை மூன்றுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டேன்: சாதம், சூப், தொக்பொக்கி. சாதம் குக்கரில் முன்னாலேயே ஆகிவிடும். சூப்பை மதியமே செய்துவிடலாம், மறுபடி கொதிக்கக் கொதிக்கத்தான் பாசியின் சாறு இறங்கும். தொக்பொக்கி மட்டும் கடைசி நிமிஷம், ஆறினால் கல்லாகிவிடும். கிம்ச்சி இன்று ராத்திரி. கோயம்பேட்டில் சைனீஸ் முட்டைக்கோஸ் வாங்கி வந்து உப்பில் போட்டிருக்கிறேன், இதை எழுதும்போது வாளியில் துவண்டுகொண்டிருக்கிறது. மீன் சாஸுக்குப் பதில் சூப்பு சோயா சாஸ், அரிசிமாவுக் கஞ்சி, இஞ்சி, பூண்டு, கோச்சுகாரு. நம் சென்னைச் சூட்டில் ஒரு நாள் வெளியே இருந்தாலே பொங்கும், அப்புறம் ஃப்ரிட்ஜ்.

மேஜையில் உட்காரும் முறை பற்றி மகள் மாமியாருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். சாதம் இடது பக்கம், சூப் வலது பக்கம். ஸ்பூனைச் சாதத்தில் நட்டுவைக்கக் கூடாது, அது செத்தவர்களுக்குப் படைக்கும்போது செய்வது. வீட்டில் மூத்தவர் ஸ்பூனைக் கையில் எடுக்கும் வரை யாரும் சாப்பிட ஆரம்பிக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டதிலிருந்து மாமியாருக்குக் கொரியா மேல் ஒரு தனி மரியாதை. வயசு விஷயத்திலும் ஒத்துப்போயிற்று. அங்கே பிறந்தவுடனே ஒரு வயசு, புது வருஷம் பிறந்தால் இன்னொன்று என்று கூட்டும் வழக்கம் இருந்தது. அந்தக் கணக்கில் இவளுக்குப் பதினெட்டு. 2023 ஜூனில் அரசாங்கம் சட்டப்படி அதை நிறுத்திவிட்டது. “நிறுத்தினா என்ன, பதினெட்டு நடக்குதுன்னுதானே நாமளும் சொல்றோம்” என்றார் மாமியார்.

சூப்பை வைத்துத்தான் இன்னும் பஞ்சாயத்து ஓடுகிறது. மியோக் சூப் கொரியாவில் பிறந்தநாள் சாப்பாடு. அதற்கு முன்னால் அது பிரசவச் சாப்பாடு. குழந்தை பெற்றவளுக்கு நாள் கணக்காக அதைத்தான் கொடுப்பார்கள். பிள்ளை பெற்ற அம்மா குடித்ததைப் பிள்ளை ஒவ்வொரு பிறந்தநாளும் குடிக்கிறது. இதை நான் சொன்னதும் மாமியார், இவள் பிறந்தபோது எனக்குப் பால் சுரக்க சுறாப்புட்டு செய்து தந்த கதையை ஆரம்பித்தார். வீட்டில் சுறா வாங்கியதும், அதைச் சனிக்கிழமை இல்லாத நாளாகப் பார்த்து வாங்கியதும், மஞ்சள் பூண்டு போட்டு உதிர்த்ததும், நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றதும். சூப்பில் முதல் கிண்ணம் எனக்கு என்று அக்காவும் சொல்லி அனுப்பியிருக்கிறார். வெங்காயத்தாள் தூவாதே, அந்த சூப்புக்கு அது வழக்கமில்லை, பூண்டு மட்டும் போடு என்றும்.

சிக்கல் என்னவென்றால், பரீட்சை நாளில் கொரியப் பிள்ளைகள் இந்த சூப்பைத் தொட மாட்டார்கள். பாசி வழுக்கும், படித்ததும் வழுக்கிவிடும் என்று பயம். பரீட்சை எழுதப் போகிறவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் மிட்டாய்தான் தருவார்களாம். மகள் இதைத் தொடர் பார்த்துத் தெரிந்துவைத்திருக்கிறாள். திங்கள் இயற்பியல். சனிக்கிழமை குடிப்பது கணக்கில் வருமா வராதா என்று தோழிகளுக்குள் குரூப்பில் விவாதம் நடக்கிறது. நடுவே ஞாயிறு ஒரு நாள் இருப்பதால் வராது என்பது ஒரு கட்சி. அந்த நோட்டில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கங்களைப் படித்தால் எந்தப் பாசியும் ஒன்றும் செய்யாது என்பது என் கட்சி.

ஒரு எச்சரிக்கை. கடற்பாசியில் அயோடின் நிறைய, தாசிமாவில் இன்னும் அதிகம். எனக்குத் தைராய்டு மாத்திரை ஓடுகிறது, அதனால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். எப்போதாவது ஒரு கிண்ணம் பரவாயில்லை என்றார் என் விஷயத்தில். வீட்டில் தைராய்டு இருப்பவர்கள் அவரவர் டாக்டரைக் கேட்டுவிட்டு ஊறப்போடுங்கள்.

இனிப்புக்கு நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கடற்பாசி என்று கேள்விப்பட்டதும் கீழக்கரைத் தோழி, “ஆன்ட்டி, நோன்புக்கு எங்க வீட்ல செய்வோமே” என்றாள். அவள் சொன்னது பாலில் காய்ச்சி உறையவைத்துத் துண்டு போடும் கடல்பாசி, கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் தருவார்களே, அது. அகர். செம்பாசியிலிருந்து எடுப்பது. மியோக் பழுப்புப் பாசி, இரண்டும் தூரத்து உறவுகூட இல்லை. பாம்பன், மண்டபம் பக்கப் பெண்கள் கடலில் முங்கி எடுக்கும் பாசி இந்த மாதிரி அகர், அல்ஜினேட் ஆலைகளுக்குப் போகிறது. நாமே தின்பது இந்த ஒரு ரூபத்தில்தான் என்று நினைக்கிறேன். அவள் அம்மா ரோஸ் மில்க் போட்டு ஒரு தட்டு செய்து கொடுத்தனுப்புகிறாராம்.

இனி பாக்கி: பாலக்கும் வெள்ளரிக்காயும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும் வழியில். காளான் வெள்ளி ராத்திரி ஊற வேண்டும். மக்கர் பர்னரைப் பார்க்க ஆள் நாளைக்கு வருகிறேன் என்றிருக்கிறார். கேக் கணவர் பொறுப்பு. இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லை, கேட்டால் பரமக்குடியிலிருந்து மிளகாய் வருகிறது என்கிறார்.